ஏரிக்கரை நடுகல்லை இருக்கும் இடத்திலேயே பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள், செங்கம் வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருவண்ணாமலை.

பொருள்: சாலை விரிவாக்கம் – வேடியப்பன் நடுகல்லைப் பெயர்க்காமல் பாதுகாக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் ஊர் ஏரிக்கரைப் பாதையை அகலப்படுத்த அண்மையில் நடப்பட்ட அளவுக்கற்கள், நாங்கள் தலைமுறை தலைமுறையாக வேடியப்பன் என்று வணங்கிவரும் புளியமரத்தடி நடுகல்லையும் தாண்டி அமைந்திருப்பதால், பணி தொடங்கினால் கல் பெயர்க்கப்பட்டுவிடும் என்ற அச்சத்தோடு இம்மனுவை அளிக்கிறோம்.

செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலம் முதல் எழுப்பப்பட்ட நடுகற்களுள் பல, ஆநிரை கவர வந்தவர்களோடு பொருது மாண்ட வீரர்களுக்கு உரியவை. இவற்றின் கல்வெட்டுகளை மாநிலத் தொல்லியல் துறையே 1972இல் நூலாக வெளியிட்டது. எடுத்தனூரில் உள்ள, பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல், எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தியோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது. மன்னர்களின் பெயர்களோடு ஒரு காவல் நாயின் பெயரும் ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் நிலைத்திருப்பதை இவ்வட்டாரத்தார் அனைவரும் பெருமையாகக் கருதுகிறோம். எங்கள் கல்லில் வில்லேந்திய வீரன் உருவத்தின் மேலே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் தேய்ந்த வரிகள் உள்ளன. அவை இன்னும் படிக்கப்படவில்லை.

மாட்டுப் பொங்கலன்று ஊர் மாடுகள் இக்கல்லைச் சுற்றி வந்த பிறகே தொழுவம் திரும்புகின்றன. முதல் உழவுக்கு முன் பொங்கலிடுவதும், பிள்ளைகளுக்கு முடியிறக்குவதும், வரப்புத் தகராறில் சத்தியம் செய்வதும், ஏரிநீர்ப் பங்கீட்டைப் பேசி முடிப்பதும் இங்கேதான். எல்லாத் தெருவினரும் வேறுபாடின்றிக் கூடும் இடம் எங்கள் ஊரில் வேறு இல்லை. அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றால் கல் பத்திரமாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால், மாடு மீட்டு மாண்டவன் என்று நாங்கள் நம்பும் வீரனின் கல் மாடுகள் செல்லும் வழியிலேயே நிற்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஆகவே, பாதையின் எதிர்ப்புறம் புறம்போக்கு நிலம் இருப்பதால் சாலையை அப்பக்கமாகச் சற்று விலக்கி அமைக்கவும், தொல்லியல் துறையினர் நேரில் வந்து கல்வெட்டைத் தாளில் மை ஒற்றி மைப்படி எடுத்துப் படிக்கவும், 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி இதனைப் பாதுகாக்க இயலுமா என ஆராயவும், அதுவரை அவ்விடத்தில் பணியை நிறுத்தி வைக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம். எழுத்துகள் சிதையாதிருக்க, கல்லின்மேல் எண்ணெயோ வண்ணமோ பூசாமல் முன்னே விளக்கேற்றி மட்டும் வழிபடுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுத்துள்ளோம். கூட்டத் தீர்மானத்தின் நகலும் கல்லின் படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்