2025 ஆண்டறிக்கை: ஒரு படகு, இரண்டு தூண்டில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஏரிக்கு விடியுமுன் வந்து நிற்கத் தெரிந்தும் இந்தக் கூட்டத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

டாலஸ் வட்டாரத் தமிழர்களான நாம் சென்ற ஆண்டு எட்டு பாஸ் மீன்பிடிப் போட்டிகளுக்குத் திட்டமிட்டு ஏழு போட்டிகளை நடத்தி முடித்தோம். மே மாதப் போட்டி இடிமழையால் நின்றது. அன்று கட்டிய நுழைவுக் கட்டணம் ஜூன் மாதக் கணக்கில் சேர்ந்துவிட்டது, யாரும் இனி அதைக் கேட்க வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். போட்டி முடிவுகள் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. எனவே இந்த அறிக்கையில் பெரும்பகுதியை, ஆண்டு முழுவதும் செயலாளருக்கு வந்த புகார்களில் முக்கால்வாசிக்குக் காரணமான ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறேன். ஒரு படகை இருவர் பகிர்வது எப்படி?

தொடங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு ஆண்டுகளாக நான் படகில்லாதவன். பிறர் படகில் பின்னால் நின்றே மீன் பிடித்தவன். இந்த அறிக்கையில் பின்னால் நிற்பவர் பக்கம் கொஞ்சம் சாய்வு தெரிந்தால் அது பிழையன்று, அனுபவம்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. ஊரில் விரால் பிடித்தவர்களுக்குப் பெருவாய் பாஸ் மீனைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதுவும் மறைவில் பதுங்கியிருந்து பாயும் மீன்தான். மரக்கட்டை, நீர்ச்செடி, படகுத்துறைத் தூண் என்று எதன் நிழலிலாவது நிற்கும். கண் முன்னால் துடித்து ஓடுவது நிஜ இரையா ரப்பர் புழுவா என்று யோசிப்பதற்குள் வாய் மூடியிருக்கும். (விராலையே இங்கே கொண்டுவந்து வளர்க்கலாமா என்று ஒரு புதியவர் கேட்டிருந்தார். கூடாது. டெக்சாஸில் அது தடை செய்யப்பட்ட இனம். கேட்டதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

இந்த விளையாட்டில் ஒரு படகில் இருவரை ஏற்றும் வழக்கம் பெட்ரோல் செலவைக் குறைக்க வந்ததன்று. 1967 ஜூனில் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 106 பேரைத் திரட்டி ஒரு போட்டி நடத்தினார். மறு ஆண்டு அவர் தொடங்கிய அமைப்புதான் இன்றைக்குப் பாஸ்மாஸ்டர் போட்டிகளை நடத்துகிறது. அந்தக் காலத்துப் போட்டிகளில் சீட்டுக் குலுக்கி, ஒருவரையொருவர் அறியாத இருவரை ஒரே படகில் அனுப்பினார்கள். எதிராளியே சாட்சி. பக்கத்தில் நிற்பவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது கடையில் வாங்கிய மீனை, பிடித்த மீனை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியில் போட முடியாது. ஆனால் அதே ஏற்பாட்டில் எங்கே போவது, யார் முன்னால் நிற்பது என்ற சண்டையும் கூடவே பிறந்துவிட்டது. நாம் செய்த புதுமை ஒன்றுமில்லை. அவர்கள் போட்ட சண்டையைத் தமிழில் போடுகிறோம்.

முன்னால் என்று சொன்னேன். நம்மில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் படகின் முன்பகுதியை அணியம் என்றே சொல்வார். இப்போது சங்கம் முழுக்க அந்தச் சொல் பரவிவிட்டது, மதுரைக்காரர்கள் உட்பட. அணியத்தில் நிற்பவர் காலடியில் மின்மோட்டாரின் மிதி இருக்கிறது. படகை எங்கே நிறுத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் அவர் கால் முடிவு செய்வது. ஒவ்வொரு மரத்தடியிலும் முதல் வீச்சு அவருடையது. பின்னால் நிற்பவருக்கு அவர் கிளறிவிட்டுப் போன தண்ணீர்தான் மிச்சம்.

சென்ற ஆண்டு இதற்கு இன்னொரு கனமும் கூடியது. படகுக்கு முன்னால் இருக்கும் மீனை அந்த நொடியிலேயே திரையில் காட்டும் முன்னோக்கு சோனார் இப்போது நம் படகுகளில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. திரை அணியத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவர் நடுத்தண்ணீரில் தனியாகத் திரியும் ஒரு மீனைத் திரையில் பார்த்து, அதன் மூக்குக்கு நேராக இரையை இறக்குகிறார். பின்னால் இருப்பவர், தொலைக்காட்சி பார்க்கும் ஒருவரின் முதுகை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கரையோரம் போகலாமே என்று ஏப்ரலில் நான் கேட்டேன். "கொஞ்சம் பொறுங்கள் தம்பி, மூன்று மீன் தெரிகிறது" என்றார் படகுக்கார அண்ணன். அந்த மூன்று மீன்களையும் நான் கடைசி வரை பார்க்கவில்லை. இந்தக் கருவிக்குப் பாஸ்மாஸ்டரின் தொழில்முறை எலைட் போட்டிகளிலேயே 2025இல் ஒரு படகுக்கு ஒன்று என்று வரம்பு கட்டினார்கள். நாம் வரம்பு கட்டவில்லை. நாளின் எந்தப் பாதியில் பின்னவர் அணியத்தில் நிற்கிறாரோ அந்தப் பாதியில் திரையும் அவருடையது என்று மட்டும் ஜூன் மாதக் குழுவில் முடிவு செய்தோம். படகு உரிமையாளர்கள் இருவர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்கள் சொன்ன காரணமும் நியாயம்தான்: மின்மோட்டாரை ஓட்டத் தெரியாதவர் கையில், அதாவது காலில், விலை உயர்ந்த படகைக் கொடுத்தால் மரத்தில்தான் போய் முட்டும். முட்டியது. ஆகஸ்டில் டவாக்கோனி ஏரியில். சேதம் சிறியது. ஓட்டியவன் நான்.

மார்ச் மாத ஃபோர்க் ஏரிப் போட்டியைப் பற்றி வதந்திகள் உலவுவதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஃபோர்க் ஏரியில் 16 அங்குலத்துக்கு மேல் 24 அங்குலத்துக்குள் இருக்கும் பாஸை உடனே விட்டுவிட வேண்டும்; தொட்டியில் வைத்துக் கரைக்குக் கொண்டுவர முடியாது. பெரிய மீன்களைக் காக்கத்தான் அந்த விதி. 1992 ஜனவரியில் பிடிபட்டு இன்றுவரை மாநிலச் சாதனையாக நிற்கும் 18.18 பவுண்டு பாஸ் வந்தது அந்த ஏரியிலிருந்துதான் (பிடித்தவர் அன்று தேடிப்போனது பாஸை அல்ல, கிராப்பி மீனை, இப்படித்தான் இருக்கிறது இந்த உலகம்). ஆகவே ஃபோர்க்கில் நமக்கு எடைமேடை கிடையாது. மீனைப் படகிலேயே கைத்தராசில் நிறுத்து, சீட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, தண்ணீரில் விடுகிறோம். அதாவது அங்கே கூட்டாளியின் கையெழுத்துதான் மீன்.

அன்று மாலை வந்த சீட்டுகளில் ஒரு படகின் இரண்டு சீட்டுகளிலும் எல்லா மீன்களும் முழுப் பவுண்டாகவே இருந்தன. மூன்று, இரண்டு, நான்கு, மூன்று. அவுன்ஸ் என்பதே அந்தப் பக்கத்துத் தண்ணீரில் இல்லை போலும். விசாரித்தபோது இருவரும் மறைக்கவில்லை. படகு ஆடியதால் முள் நிற்கவில்லை, நீயும் ஏற்றிப் போடு நானும் ஏற்றிப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டோம் என்றார்கள். பத்து டாலர் பரிசுக்கு நடந்த காரியம் என்பதால் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. 2022 செப்டம்பரில் க்ளீவ்லாந்தில் ஈரி ஏரியில் நடந்த வால்ஐ (walleye) என்ற மீனுக்கான போட்டியில் முதலிடம் பெற்ற கூட்டாளிகள் இருவரின் மீன்களை அறுத்துப் பார்த்தபோது உள்ளே ஈயக் குண்டுகளும் வேறு மீனின் சதைத் துண்டுகளும் இருந்தன. மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறைக்குப் போனார்கள், படகும் பறிபோனது. அங்கேயும் படகில் இருந்தவர்கள் இருவர். ஆனால் சாட்சி ஒருவர்கூட இல்லை. நம் உறுப்பினர்கள் இருவருடைய அன்றைய மீன்களும் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அவர்களே அதை ஏற்றுக்கொண்டார்கள். இனி ஃபோர்க்கில் தராசின் எண் தெரியும்படி மீனுடன் ஒரு படம் எடுக்க வேண்டும்.

பிப்ரவரிச் சம்பவத்தைச் சுருக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஃபோர்க் ஏரியைத் தேக்கியபோது நின்ற மரங்களில் பல இன்றும் தண்ணீருக்குள் நிற்கின்றன. காலை ஏழரைக்கு ஒரு படகின் மின்மோட்டார் ஓர் அடிமரத்தில் இடித்து நின்றது. அணியத்தில் இருந்தவர் மிதியில் ஊன்றியிருந்ததால் தடுமாறவில்லை. பின்னால் இருந்தவர் தண்ணீருக்குள் போனார். குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மனிதன் தன்னை அறியாமல் மூச்சை உள்ளே இழுக்கிறான். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் முடிந்தது. அவர் உயிர்க்கவசம் அணிந்திருந்தார். பெரிய இன்ஜின் ஓடும்போது மட்டும் அணிந்தால் போதும் என்பதே அன்று நம் விதி. குளிருக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக மட்டுமே அவர் அதைக் கழற்றாமல் இருந்தார். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்க்கச் சில நொடிகள் ஆயின. பெரிய மீன் துள்ளிய சத்தம் என்று நினைத்தேன் என்றார். டிசம்பர் முதல் மார்ச் வரை படகில் ஏறியது முதல் இறங்கும் வரை கவசம் கட்டாயம் என்று அடுத்த வாரமே விதியை மாற்றினோம். இன்ஜினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் உடலில் மாட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதற்குமான சட்டம். அதை ஸ்டீயரிங்கில் சுற்றி வைத்திருப்பவர்களை இனி கரையிலேயே நிறுத்துவோம்.

செலவுப் பங்கு பற்றி. படகுக்காரர் படகைக் கழுவி, பேட்டரியை ஏற்றி, இழுத்து வந்து, பெட்ரோல் போடுகிறார். பின்னவர் ஒரு பெட்டித் தூண்டிலும் இரண்டு பொட்டலம் எலுமிச்சைச் சாதமும் கொண்டு வருகிறார். தூத்துக்குடிக்காரர் குழுவில் ஒரு யோசனை வைத்தார்: நம் கடற்கரையில் ஆட்களுக்குப் பங்கு போடும்போது படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு உண்டு, பரிசுப் பணத்திலும் அப்படியே படகுக்கு ஒரு பங்கு வைக்கலாம் என்று. அழகான யோசனை. ஆனால் அங்கே மீன் இல்லாத நாளில் படகுக்கும் பங்கு இல்லை. இங்கே மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்ரோல் எரிகிறது. எனவே பின்னவர் ஒரு நாளுக்கு 40 டாலர் கொடுப்பது என்று முடிவானது. அதைப் படகை இறக்குமுன் கொடுத்துவிட வேண்டும். மாலையில் மீன் கிடைக்காத முகத்தோடு கொடுக்கும் பணம் நட்புக்கு நல்லதில்லை.

செப்டம்பர் முதல் சீட்டுக் குலுக்கலை நிறுத்தி, இருவரும் ஓர் அணி, இருவருக்கும் சேர்த்து ஐந்து மீன் என்ற முறையைச் சோதித்தோம். சண்டை குறையும் என்று நம்பினோம். அது இடம் மாறியது, அவ்வளவுதான். எதிராளியாக இருந்தபோது மீன் தப்பினால் உள்ளூர மகிழ்ந்தவர்கள், இப்போது கூட்டாளியைக் குற்றம் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அக்டோபரில் என் தூண்டிலில் வந்த, ஐந்து பவுண்டுக்குக் குறையாத மீனை வலையில் எடுக்க வேண்டிய தலைவர் அவர்கள் (மன்னிக்க வேண்டும், இது பதிவாக வேண்டியது) வாலிலிருந்து அள்ளப் போனார். வலையை நீருக்குள் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மீனின் தலையை அதற்குள் நடத்திவர வேண்டும். பின்னாலிருந்து துரத்தினால் எந்த மீனும் முன்னால்தான் போகும். போனது, இரையோடு. நவம்பரில் வேறொரு அணி ஆறாவது மீனைப் பிடித்துவிட்டு, சிறியதை விடுவதற்குப் பதிலாக நான்கு பவுண்டை விட்டுவிட்டது. மீன்களை அடையாளம் காண வண்ணக் கிளிப்புகளை மாட்டியிருந்தார்கள். எந்த நிறம் எந்த மீன் என்று எழுதியிருந்த தாள் நனைந்துவிட்டது. அந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பி என்பதால் சங்கம் தலையிடவில்லை.

இருந்தாலும் அணி முறையில் ஒரு நன்மையைக் கண்ணால் கண்டேன். முன்னால் நின்றவர்கள் படகைச் சற்றுச் சாய்த்து நிறுத்தத் தொடங்கினார்கள், பின்னால் இருப்பவருக்கும் மரம் எட்டும்படி. யாரும் சொல்லித் தரவில்லை.

மற்றவை சுருக்கமாக. ஜூலையில் நீர் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியதால் தொட்டியில் உறைந்த தண்ணீர்ப் பாட்டில்களைப் போட்டும் இரண்டு மீன்கள் இறந்தன; கோடைப் போட்டிகளில் இனி அளந்து, படமெடுத்து, அங்கேயே விடுவது. மீன்பிடி உரிமம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். செப்டம்பர்ப் போட்டிக்கு வந்த மூவர் படகுத்துறையில் நின்று கைபேசியில் உரிமம் வாங்கினார்கள். ஏரியை விட்டுக் கிளம்புமுன் தொட்டி, இன்ஜின், படகின் அடி எல்லாவற்றிலும் தண்ணீரை வடிக்க வேண்டும். ஏரிகளைக் கெடுக்கும் வரிக்குதிரை மட்டி (zebra mussel) ஓர் ஏரியிலிருந்து மற்றோர் ஏரிக்குப் போவது நம் சோம்பலில் ஏறித்தான்.

வரும் ஆண்டில் பாதிப் போட்டிகளைக் குலுக்கல் முறையிலும் பாதியை அணி முறையிலும் நடத்தலாம் என்பது குழுவின் பரிந்துரை. இன்று வாக்கெடுப்பு உண்டு.

கடைசியாக என் சொந்தச் செய்தி. டிசம்பர் இறுதியில் பழைய பதினேழு அடி அலுமினியப் படகு ஒன்றை வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு இந்த அறிக்கையை மறுபடி படித்தபோது, 40 டாலர் குறைவோ என்று ஓர் எண்ணம் வந்தது. ஆகவே செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன். அடுத்த செயலாளர் படகில்லாதவராக இருக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிபவர் கை தூக்கலாம். பிப்ரவரிப் போட்டிக்கான குலுக்கல் தேநீருக்குப் பிறகு நடக்கும். என் படகில் மின்மோட்டாரின் மிதி கொஞ்சம் இறுக்கம். சீட்டில் என் பெயர் வருபவர் அதை இப்போதே தெரிந்துகொள்ளவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்