அட்வான்ஸ் விஷயத்துல அந்த ஒரு வரியை எடுத்துடுங்க

தமிழ்நாடு அரசு வீட்டு வசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மடிப்பாக்கம் பக்கம் ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். வாடகை அக்ரிமென்ட் டைப் பண்றது தான் கடையில பாதி வேலை. ஹவுஸ் ஓனர், குடி வர்றவங்க, சில நேரம் புரோக்கர்னு எல்லாரும் என் கம்ப்யூட்டர் பக்கத்துல நின்னு தான் பேசி முடிப்பாங்க, அதனால யார் முகத்துல என்ன தெரியுதுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

போன மாசம் ஒரு அக்கா வந்தாங்க, எக்ஸ்போர்ட் கம்பெனியில டைலர், வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுறார். வாடகை 9,000, அட்வான்ஸ் 90,000. உங்க துறை 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு கொண்டு வந்த வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு சொல்லுது, அப்படிப் பாத்தா 27,000 தான் குடுக்கணும். மீதி 63,000க்கு அந்தக்கா நகையை அடகு வச்சுட்டு வந்திருக்காங்க. வாடகை ஓனருக்கு, வட்டி அடகுக் கடைக்குன்னு மாசம் ரெண்டு இடத்துல கட்டணும். குறைஞ்ச வாடகையில வீடு கிடைச்சுதுன்னு சந்தோஷப்படக் கூட முடியலைங்க.

சட்டத்துல தான் மூணு மாசம்னு இருக்கேன்னு நீங்க கேக்கலாம். ஆனா அதே பிரிவுல "வேறு விதமா ஒப்பந்தம் இருந்தால் தவிர"ன்னு ஒரு விதிவிலக்கு இருக்கு, அங்க தான் எல்லாமே போச்சு. ஏன்னா அக்ரிமென்ட்ல பத்து மாசம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா அது தான் வேறு விதமான ஒப்பந்தம். ஸ்கூல் திறக்கப் போகுது, பழைய வீட்டுல காலி பண்ணச் சொல்லி நெருக்குறாங்க, இந்த நிலைமையில நிக்கிற குடும்பம் பேரம் பேசுமா, குடுத்த இடத்துல கையெழுத்து தான் போடும். மாநிலங்கள் பாத்து எடுத்துக்கட்டும்னு மத்திய அரசு 2021ல ஒரு மாடல் வாடகைச் சட்டம் கொண்டு வந்துச்சு, அதுல குடியிருப்புக்கு ரெண்டு மாசம் தான்னு நேரடியா வரம்பு போட்டிருக்காங்க, நாமளும் மூணு மாசம்னா மூணு மாசம்னு நிறுத்திக்கலாமே.

காலி பண்ணும்போது இன்னொரு கஷ்டம். ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கணும்னு சட்டத்துல இருக்கு, ஆனா "புது ஆளு வந்து அட்வான்ஸ் குடுத்தா தான் உங்களுக்குத் தர முடியும்"னு சொல்ற ஓனர் தான் ஜாஸ்தி. பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவேன்னு அக்ரிமென்ட்லயே ஒரு பாயின்ட் போடச் சொல்லுவாங்க, அஞ்சு மாசத்துல காலி பண்ணாலும் பிடிப்பாங்க. ஓனர் எல்லாம் கெட்டவங்கன்னு நான் சொல்லவே இல்ல, ரிட்டையர்ட் ஆகி மாடி வீட்டு வாடகையை வச்சே மருந்து மாத்திரை வாங்குறவங்களும் என் கடைக்கு வர்றாங்க, அவங்களுக்கு அட்வான்ஸை ஒரேயடியா எடுத்துத் தர்றது கஷ்டம் தான். அதுக்காகத் தான் சொல்றேன், ஆரம்பத்துலயே கம்மியா வாங்கியிருந்தா திருப்பித் தர்றதும் ஈஸி.

அப்புறம் கரண்ட். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அரசாங்கம் 2016ல இருந்து குடுக்குது, ஆனா நிறைய வீட்டுல சப் மீட்டர் வச்சு முதல் யூனிட்ல இருந்தே 10 ரூபா வாங்குறாங்க, அந்த இலவசம் குடியிருக்கிறவங்க கைக்கு வர்றதே இல்ல. எதிர்த்துக் கேட்டா தண்ணி மோட்டார் போட மாட்டாங்க. தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட போகலாம்னு சட்டம் தெளிவா சொல்லுது, ஆனா துணை ஆட்சியர் அந்தஸ்துல அப்படி ஒருத்தர் இருக்கார்ங்கிற விஷயமே இங்க வர்றவங்கள்ல பெரும்பாலானவங்களுக்குத் தெரியலைங்க.

அக்ரிமென்ட்டை ரெஜிஸ்டர் பண்றதும் அப்படித் தான். 11 மாசத்துக்குப் போட்டா எதுவும் பதிய வேணாம்னு தான் ஊர்ல எல்லாரும் நினைக்கிறாங்க, பழைய பதிவுச் சட்டத்தால வந்த பழக்கம் அது. உங்க சட்டப்படி எத்தனை மாசம்னாலும் எழுத்துல போட்டு வாடகை அதிகாரிகிட்ட பதியணும். ஓனர்கிட்ட சொன்னா வருமான வரி, வீட்டு வரி ஏறிடுமோன்னு பயப்படுறார். குடி வர்றவங்க தனியாவும் விவரம் குடுக்கலாம் தான், ஆனா ஓனருக்குத் தெரியாம குடுத்துட்டு அதே வீட்டுல யாரு இருக்க முடியும் சொல்லுங்க?

வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு அரசாங்கம் தோழி விடுதி கட்டுச்சு, ரொம்ப நல்ல வேலை, மனசாரப் பாராட்டுறேன். அதே அக்கறை வாடகை வீட்டுல இருக்கிற குடும்பங்களுக்கும் வேணும். அந்த விதிவிலக்கை எடுத்துட்டு ஒரு திருத்தம் கொண்டு வாங்க. பதிஞ்ச வாடகையை வச்சு வீட்டு வரியை ஏத்த மாட்டோம்னு ஒரு அரசாணை போட்டா பாதிப் பேர் தானா வந்து பதிவாங்க. மூணு மாச அட்வான்ஸ், ஒரு மாசத்துல ரிட்டர்ன், தண்ணி கரண்ட் நிறுத்தக் கூடாது, புகாருக்கு எந்த ஆபீஸ்னு தமிழ்ல ஒரே பக்கத்துல அடிச்சு இ-சேவை மையம், ரேஷன் கடை, பத்திர ஆபீஸ் வாசல்ல ஒட்டுங்க. எங்களை மாதிரி கடைக்காரங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க, ஒவ்வொரு அக்ரிமென்ட்டோடயும் சேர்த்து நாங்களே பிரிண்ட் எடுத்துக் குடுக்குறோம், அதுக்கு காசு வேணாம்.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்துல வாடகை அக்ரிமென்ட் டைப் பண்ற ஒருத்தன்