பெற்றோர் ஆசிரியர் கழகம், ஏற்காடு: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, எஸ்டேட் வேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். குடிநீர்த் தொட்டி, கழிப்பறைக் கதவு, விளையாட்டு விழா பற்றிய விவரங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன. இந்த அறிக்கை பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியது: பிள்ளைகளின் செல்போன். நிர்வாகக் குழு உட்கார்ந்து பேசிய நேரத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது.

பழைய விதி ஒரே வரிதான்: "செல்போன் கொண்டு வரக் கூடாது." அது நோட்டீசில் இருந்தது, நடைமுறையில் இல்லை. நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததும் வண்டிகள் நின்றதும் மறந்திருக்காது. அப்படிப்பட்ட ஊரில் "போனே வேண்டாம்" என்றால் பெற்றோரே பையின் அடியில் ஒளித்துக் கொடுத்தனுப்புவார்கள். ஒளித்த போன்தான் ஆபத்து. அது யாரிடம் இருக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியாது, தொலைந்தால் கேட்கவும் முடியாது.

2025 தொடக்கத்தில் தில்லி உயர் நீதிமன்றம், கேந்திரிய வித்யாலயா மாணவர் ஒருவரின் வழக்கில் ஏறத்தாழ இதையேதான் சொன்னது: முழுத் தடை நடைமுறைக்கு ஒவ்வாது; முடிந்த இடங்களில் உள்ளே வரும்போது ஒப்படைத்து, போகும்போது வாங்கிக்கொள்ளட்டும்; வகுப்பில் பயன்படுத்தக் கூடாது; பொது இடங்களிலும் பள்ளி வண்டியிலும் படம் பிடிக்கக் கூடாது; விதிகளைப் பெற்றோர், ஆசிரியர், வல்லுநர்களைக் கலந்து வகுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும் புதிய விதியை அந்தச் சட்டகத்தில்தான் எழுதினோம்.

ஒப்படைக்கும் முறை

விதி எழுதுவது சுலபம். காலை மணி அடிப்பதற்கு முன் நாற்பது போனை வாங்கி வைப்பதுதான் கஷ்டம்.

வகுப்புக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளே நாற்பது அறைகள், ஒவ்வொன்றிலும் எண். அதே எண் போட்ட பிளாஸ்டிக் டோக்கன் பிள்ளையிடம் இருக்கும். வாங்குவது வகுப்பாசிரியர் மட்டும். வகுப்புத் தலைவனிடம் விட்டால் தோழனுக்குக் கண்ணை மூடிக்கொள்வான், பிடிக்காதவனிடம் வம்பு செய்வான். பதிவேட்டில் ஐந்து பத்திகள்: தேதி, டோக்கன் எண், போனின் அடையாளம், ஐ.எம்.இ.ஐ. எண்ணின் கடைசி நான்கு இலக்கம், திரும்பப் பெற்ற கையொப்பம். ஐ.எம்.இ.ஐ. என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க எண். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். அதை ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை எழுதிக்கொண்டால் போதும். அடையாளப் பத்தியில் "கறுப்பு போன்" என்று எழுதினால் பயனில்லை, பெட்டியில் பாதி கறுப்புதான். "கறுப்பு, மேல் இடது மூலையில் விரிசல், பின்னால் முருகன் ஸ்டிக்கர்" என்று எழுத வேண்டும். "கொடுக்கும்போது விரிசல் இல்லையே" என்ற சண்டைக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

பெட்டிக்குள் போகுமுன் போன் திரை ஒளிர்வதை ஆசிரியர் பார்க்க வேண்டும். பிறகு பிள்ளையே சுவிட்ச் ஆஃப் செய்யட்டும். இந்த அரை நிமிடத்தைச் சேமித்தால் என்ன ஆகும்? வீட்டில் கிடக்கும் செத்த போன் பெட்டிக்குள் போகும், உயிருள்ள போன் சாக்ஸுக்குள் போகும்.

சைலன்ட் போதாதா என்று பலர் கேட்டார்கள். போதாது. சைலன்டில் வைத்த போனிலும் அலாரம் அடிக்கும். அதைவிடப் பெரிய காரணம் மலையில் உண்டு. சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும், தொடர்பை விடாமலிருக்க அதிக சக்தியில் அலை அனுப்பும். காலையில் அறுபது சதவீதம் சார்ஜோடு பெட்டிக்குள் போனது, மாலை பஸ் நிறுத்தத்தில் அம்மாவைக் கூப்பிடும்போது அணைந்திருக்கும். எதற்காகப் போனை அனுமதித்தோமோ அதுவே கெட்டுவிடுகிறது.

பேட்டரி உப்பிய போனை வாங்கக் கூடாது. மேசையில் மல்லாக்க வைத்தால் ஆடும், பின்மூடி ஓரத்தில் இடைவெளி தெரியும். அதை அப்படியே பெற்றோரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். பவர் பேங்க் வளாகத்துக்குள்ளேயே வேண்டாம். பெட்டிக்குள் சார்ஜ் போடுவதும் இல்லை.

பெட்டிகளைப் பூட்டி வைக்கும் இரும்பு பீரோ முதலில் வெளிச்சுவரை ஒட்டி நின்றது. பனி மூட்ட நாட்களில் அதன் உட்புறம் வியர்க்கிறது. சிம் தட்டு ஓரத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் பட்டை ஈரம் பட்டால் சிவப்பாகும். சர்வீஸ் சென்டரில் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள், சிவந்திருந்தால் வாரண்டி கிடைக்காது. இப்போது பீரோ சுவரிலிருந்து அரை அடி தள்ளி, பலகை மேல் நிற்கிறது. தட்டுக்கு இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று அர்த்தம். சூடுபடுத்தி உலர்த்தினால் மறுபடி நீலமாகும், புதிது வாங்க வேண்டியதில்லை.

சாவி இரண்டு. ஒன்று வகுப்பாசிரியரிடம், மற்றொன்று அலுவலகத்தில். ஆசிரியர் திடீரென லீவு போட்ட நாளில் இரண்டாவது சாவி இல்லாவிட்டால் மாலை பெரிய கூச்சலாகிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது தூரத்து பஸ்ஸில் போகிறவர்கள் முதலில், நடந்து போகிறவர்கள் கடைசியில். அகர வரிசைப்படி கொடுத்தால் பெயர் "வ"வில் தொடங்கும் பிள்ளை தினமும் பஸ்ஸை விடும்.

போன் காணாமல் போனால் காவல் நிலையத்தில் புகார் மனு கொடுத்து, அதன் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொடுத்து முடக்கலாம். முடக்கிய போன் வேறு சிம் போட்டாலும் இந்திய நெட்வொர்க்கில் வேலை செய்யாது. பதினைந்து இலக்கமும் வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். போன் வாங்கிய அட்டைப்பெட்டியில் இருக்கும், அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஸ்மார்ட் வாட்ச், இயர்பட்ஸ் இரண்டும் போன் கணக்கில்தான் வரும். டைப் 1 சர்க்கரை நோயுள்ள பிள்ளை, கையில் ஒட்டிய சென்சார் காட்டும் சர்க்கரை அளவைப் போனில் பார்க்க வேண்டியிருக்கும். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு, திரையில் இருப்பதை போனிலுள்ள டாக்பேக் வசதி வாசித்துக் காட்டுகிறது. இவர்களுக்கு விலக்கு உண்டு. விலக்கு எதற்கு என்பதை மற்றப் பிள்ளைகளிடம் அறிவிக்க வேண்டியதில்லை.

பிடிபட்டால்

முதல் முறை: பதிவேட்டில் குறித்து அன்று மாலையே பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் முறை: பெற்றோர் வந்து வாங்க வேண்டும். மூன்றாம் முறை: பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க வேண்டும், அந்தப் பருவம் முடியும்வரை போன் கொண்டுவரும் அனுமதி ரத்து. மாதக்கணக்கில் வைத்துக்கொள்வது, அபராதம் வாங்குவது, எல்லோர் முன்னும் போட்டு உடைப்பது எதுவும் கிடையாது. உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடைசெய்யப்பட்டவை.

பறிமுதல் செய்த போனைத் திறந்து பார்க்கவும் கூடாது, பேட்டர்ன் லாக்கைக் கேட்கவும் கூடாது. இதை எழுதியபோது ஆசிரியர்களிடையே முணுமுணுப்பு இருந்தது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு பிள்ளையின் ஆபாசப் படம் ஒரு போனில் இருப்பதாகத் தெரிந்தால் நல்லெண்ணத்தில் செய்யும் முதல் காரியம் என்ன? "ஆதாரம்" என்று தலைமை ஆசிரியருக்கு ஃபார்வர்டு செய்வது. அங்கிருந்து துணைத் தலைமை ஆசிரியருக்கு, அங்கிருந்து குழுத் தலைவருக்கு. ஒவ்வொரு ஃபார்வர்டும் தனித்தனிக் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அத்தகைய படத்தைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: பார்க்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள், அனுப்பாதீர்கள், அழிக்கவும் சொல்லாதீர்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடச் சொல்லி உறைக்குள் இட்டு ஒட்டி, இருவர் கையொப்பமிட்டு நேரம் எழுதுங்கள். பிறகு காவல் துறைக்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ சொல்லுங்கள். போக்சோ சட்டத்தில் தகவல் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை. "பள்ளிப் பெயர் கெட்டுவிடும்" என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதற்கு அங்கே இடமில்லை.

படத்திலிருக்கும் பிள்ளைக்குத் தனியே ஒரு வழி உண்டு. டேக் இட் டவுன் என்ற இலவச சேவையில், படம் போனை விட்டு வெளியேறாமல், அதன் எண்வடிவக் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு மட்டும் பதிவாகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் உள்ளிட்ட தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும். பெயர் கொடுக்க வேண்டியதில்லை.

திட்டி எழுதியது, மிரட்டியது போன்றவற்றுக்கு "ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள்" என்பது பொருந்தாது, அவற்றுக்கு ஸ்கிரீன்ஷாட் கட்டாயம் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் இரண்டரை நாளைக்குள் எல்லோருக்குமாக அழித்துவிட முடியும். எண்ணும் தேதியும் நேரமும் திரையில் தெரிய வேண்டும். பள்ளிப் பெயரில் யாரோ நடத்தும் கேலிப் பக்கம் என்றால் மேலே தெரியும் பெயரைக் குறித்துப் பயனில்லை, அதை நிமிடத்தில் மாற்றலாம். பயனர் பெயரையும் பக்கத்தின் இணைப்பையும் எடுத்து வையுங்கள். அங்கே போய்ச் சண்டை போட்டுக் கமெண்ட் எழுதினால் அந்தப் பக்கம் இன்னும் பத்து பேருக்குக் காட்டப்படும், அவ்வளவுதான் நடக்கும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930. மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றத் தளம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அங்கே பெயர் சொல்லாமலும் பதியலாம்.

வயதைப் பற்றிய பொய்

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் குறைந்தபட்ச வயது 13. ஏழாம் வகுப்புப் பிள்ளை கணக்குத் தொடங்கப் பிறந்த ஆண்டை 2000 என்று போடுகிறது. பெற்றோரும் "எப்படியோ திறந்தால் சரி" என்று இருந்துவிடுகிறார்கள். இதில் இழப்பு எங்கே என்றால், 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுண்ட், வயது சரியாக இருந்தால்தான் தானாகப் பொருந்தும். கணக்கு தனிப்பட்டதாக இருக்கும், பிள்ளை பின்தொடராத, ஏற்கெனவே தொடர்பில் இல்லாத ஆள் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது, 16 வயதுக்குக் கீழ் இருப்பவர் இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். 2000இல் பிறந்ததாகச் சொன்ன பிள்ளையை அந்தத் தளம் வயது வந்த ஆளாகவே நடத்தும்.

பெரியவர்கள் பக்கம்

பிள்ளைகளுக்குப் போட்ட விதியைவிடப் பெரியவர்களுக்குப் போட்டதில்தான் பலன் அதிகம் என்பது என் கருத்து. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் வரக் கூடாது, கரும்பலகையிலும் டைரியிலும் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரே போன், அது அப்பாவோடு காபித் தோட்டத்தில் இருக்கிறது. காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் அவர் இருட்டியபின்தான் வருவார். "வீட்டுப்பாடம் பார்க்கணும், போனைக் குடு" என்ற வசனமும் இதனால் பாதியாகக் குறையும்.

வகுப்புக் குழுவில் அட்மின் மட்டுமே செய்தி போடலாம். குழு இணைப்பை ஃபார்வர்டு செய்யக் கூடாது, புதியவர் சேர அட்மின் ஒப்புதல் வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போன பிள்ளைகளின் பெற்றோரை ஜூனில் நீக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல், கட்டணம் கட்டாதவர் பெயர், தண்டனை விவரம் குழுவில் வரக் கூடாது. விழாப் படங்களில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் சேர்த்து எழுதக் கூடாது. பொதுப் பக்கங்களில் போட வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. சேர்க்கைப் படிவத்தோடு சம்மதத் தாளையும் இணைத்திருக்கிறோம். "வேண்டாம்" என்று டிக் செய்யவும் அதில் கட்டம் உண்டு.

பள்ளி நேரத்தில் பிள்ளைக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால் அலுவலக எண்ணுக்குப் பேசுங்கள், சீட்டு எழுதி வகுப்புக்குப் போகும். பெட்டியிலுள்ள போனுக்கு மதியம் ஏழு முறை அழைத்துவிட்டுப் பதறுவதில் பயனில்லை.

இன்று வாக்குக்கு வருவன இரண்டு. ஒன்று, ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் பட்டன் போன் மட்டும் என்று வரையறுப்பது. மற்றொன்று, ஆசிரியர்களின் போன். வருகைப் பதிவு செயலியில்தான் நடக்கிறது, அதனால் முதல் பாடவேளையில் போன் தேவை. அதற்குப் பிறகு மதிய இடைவேளை வரை அதுவும் பீரோவுக்குள் போக வேண்டும் என்பது தீர்மானம். நிர்வாகக் குழுவில் இது சரிபாதியாகப் பிரிந்து நின்றதால் பொதுக்குழுவின் முடிவுக்கு விடுகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்