வாசலில் கிடக்கும் நேற்றைய பேப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று தனியாக வாழும் முதியவர் இல்லாத தெருவே இல்லை. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்து தினமும் போன் செய்கிறார்கள். ஆனால் விழுந்து கிடப்பவரால் போனை எட்டி எடுக்க முடியாது. அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கண்தான் உதவும்.

விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால், அழுத்தத்தில் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். பக்கவாதம் என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "சாயங்காலம் போய்ப் பார்ப்போம்" என்பது பல நேரம் கைமீறிய பிறகுதான்.

காலை எட்டரைக்கும் பால் பாக்கெட் பையிலேயே தொங்குகிறதா, நேற்றைய பேப்பர் வாசலில் கிடக்கிறதா, தினமும் கோலம் போடும் வாசல் வெறுமையாக இருக்கிறதா, பகலிலும் வராந்தா விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஒன்று தென்பட்டாலும் மணியை அடியுங்கள். அடித்துவிட்டுப் பொறுமையாக நில்லுங்கள். முழங்கால் வலியோடு எழுந்து கதவுக்கு வர இரண்டு நிமிடம்கூட ஆகும். விடாமல் மணியடித்தால் பதறி எழுந்து, தலை சுற்றி, அதிலேயே விழுகிறார்கள். "மெதுவா வாங்கம்மா, நான் நிக்கிறேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் அவர்களுக்கு. "காலைல என்ன டிபன் பண்ணீங்க?" என்று கேளுங்கள். சமைக்கவில்லை என்பதும், நினைவு தடுமாறுகிறது என்பதும் அந்த ஒரு பதிலில் தெரிந்துவிடும். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். உங்கள் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே நின்று, கீச்சென்று இல்லாமல் கனத்த குரலில் நிறுத்திப் பேசுங்கள்.

நேற்று வரை தெளிவாக இருந்தவர் திடீரென்று நாள் கிழமை குழம்பினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ, "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர் வற்றுதல், ரத்தத்தில் உப்பு குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என ஏதாவது ஒன்று காரணமாக இருக்கலாம். பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதுதான், ஆனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வயதாக ஆகத் தாக உணர்வு குறையும் என்பதால் கோடையில், கேட்காவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ சிகிச்சை எடுப்பவர் என்றால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

விழுந்தவரைப் பார்த்ததும் கையைப் பிடித்துத் தூக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. முதலில் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டிருந்தால், எழுந்து நடந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

மாற்றுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டால் அந்தச் சாவியால் பயனில்லை. வெளியிலிருந்தும் சாவியால் திறக்கக்கூடிய பூட்டு மட்டும் போதும். குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும். உள்ளே திறக்கும் கதவு, அதன்மேல் ஒருவர் விழுந்து கிடந்தால் அசையாது. முதியோருக்கான உதவி எண் 14567-ஐயும், பிள்ளைகளின் எண்களையும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி முன்கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடியற்காலையில் எல்லா வாசலையும் பார்ப்பவர்கள் பால் போடுபவரும் பேப்பர் போடுபவரும்தான். முதல் நாள் பேப்பர் எடுக்காமல் கிடப்பது அவர்கள் கண்ணில் படும், யாரிடம் சொல்வது என்றுதான் தெரியாது. தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளும்படி உங்கள் ஏஜெண்டுகளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீடுதேடிச் சென்று முதியோரைக் கவனிக்கும் செவிலியர்கள் சிலர்,
மதுரை