போர்ட்மகீயில் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த கோடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வரும்போது அயர்லாந்தின் மேற்குக் கரையையும் பார்த்துவிட வேண்டும் என்று நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டிருப்பதாக அம்மா சொன்னாள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். டப்ளினிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புகிற பஸ் டூர் எதுவும் வேண்டாம். நேரே போர்ட்மகீக்கு வாருங்கள்.

கெர்ரி மாவட்டத்தில், நாடு முடிந்து அட்லாண்டிக் ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. ரிங் ஆஃப் கெர்ரி என்கிற 179 கிலோமீட்டர் சுற்றுச்சாலையில் டூரிஸ்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கின்றன. போர்ட்மகீ பக்கம் திரும்புகிற சாலை குறுகல் என்பதால் பெரிய பஸ்கள் பெரும்பாலும் உள்ளே வருவதில்லை. அதுதான் இந்த ஊரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். தெரு என்று சொன்னால் ஒன்றுதான். ஒரு பக்கம் மஞ்சளும் நீலமும் சிவப்புமாக வீடுகள், எதிரே படகுத்துறை, இறால் பிடிக்கிற கூண்டுகள், அந்தக் கரையில் வலென்ஷியா தீவு. வேலியெங்கும் சிவப்பு ஃப்யூஷியா பூ தொங்குகிறது.

எல்லோரும் இங்கே வருவது ஸ்கெல்லிக் மைக்கேலுக்குப் படகேறத்தான். கரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் 218 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற பாறை அது. ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே துறவிகள் அதன் உச்சியில் சுண்ணாம்பு பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் குடில் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். குடில்கள் இன்னும் விழவில்லை. அங்கே ஏற 618 படி, கைப்பிடி கிடையாது.

நாங்கள் போகவில்லை. துறையில் தண்ணீர் ஆடாமல் கிடக்கிறது, வெயிலும் அடிக்கிறது, படகுக்காரர் மட்டும் இன்றைக்கு இல்லை என்று கையை விரித்துவிட்டார். அம்மா அவரை நம்பவே இல்லை. விசாரித்தபோதுதான் புரிந்தது: பாறையில் படகு அணைகிற இடம் ஒரு சின்னப் படித்துறை. வெளிக்கடலில் அலை ஓர் ஆள் உயரம் ஏறி இறங்கினால் படகிலிருந்து காலை எடுத்து எங்கே வைப்பது? ஊருக்குப் பக்கத்திலேயே கெர்ரி கிளிஃப்ஸ் இருக்கிறது, முந்நூறு மீட்டர் செங்குத்துப் பாறை. அங்கே நின்று ஸ்கெல்லிக் மைக்கேலையும் அதன் பக்கத்துப் பாறையான சின்ன ஸ்கெல்லிக்கையும் பார்த்தோம். சின்ன ஸ்கெல்லிக் தூரத்திலிருந்தே வெள்ளையாகத் தெரிந்தது. பனியோ என்றாள் அம்மா. அத்தனையும் கேனட் பறவைகளும் அவற்றின் எச்சமும்தான்.

அப்புறம் பாலத்தைக் கடந்து வலென்ஷியாவுக்குப் போனோம். எனக்கு அதுதான் பயணமே. தந்தி ஆபீசில் மோர்ஸ் தட்டிச் சம்பளம் வாங்கியவன் நான். அட்லாண்டிக்குக்கு அடியில் போன முதல் தந்திக் கம்பி இங்கிருந்துதான் புறப்பட்டது. 1858இல் விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொல் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் பிடித்திருக்கிறது! எங்கள் சூப்பரின்டெண்டென்ட் இருந்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார். வேகம் வரட்டும் என்று மின்னழுத்தத்தைக் கண்டபடி ஏற்றினார்கள், சில வாரத்திலேயே கம்பி செத்துப்போனது. 1865இல் மறுபடி போட்ட கம்பி நடுக்கடலில் அறுந்து ஆழத்துக்குப் போய்விட்டது. 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் நியூஃபவுண்ட்லாந்து வரை புதிதாக ஒன்றைப் போட்டு முடித்தது. அதோடு விடவில்லை. திரும்பிப் போய், மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்த பழைய கம்பியைக் கொக்கி போட்டுத் துழாவித் தூக்கி, ஒட்டுப்போட்டு, அதையும் வேலைசெய்ய வைத்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நம்ப முடியவில்லை.

அந்தத் தீவின் நைட்ஸ்டவுன் ஊரில் பழைய கேபிள் நிலையத்தைக் காட்சிக்கூடமாக்கி வைத்திருக்கிறார்கள். கேபிளின் வெட்டுமுகத்தைக் குனிந்து பார்த்தேன். நடுவில் ஏழு செம்புக் கம்பி முறுக்கு, சுற்றிக் கறுப்பாக ஓர் உறை, அதற்கு மேல் சணல், வெளியே இரும்புக் கம்பி. அந்தக் கறுப்பு உறை குட்டா பெர்ச்சா, மலாய்க் காட்டு மரத்தின் பால். நீ இருக்கிற சிங்கப்பூர் வழியாகத்தான் அது அந்நாளில் கப்பலேறியது. ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்தால் கொஞ்சம்தான் கிடைக்கும் என்பதால் லட்சக்கணக்கில் வெட்டித் தள்ளினார்கள். சிங்கப்பூர்த் தீவில் அந்த மரமே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. நீ தினமும் நடக்கப் போகிற தோட்டத்தில் ஒன்றாவது இருக்கிறதா, கேட்டுப் பார்.

அந்தக் கம்பி வழியே தந்தி அனுப்ப முதலில் 20 சொல்லுக்கு 20 பவுண்ட் கட்டணமாம், சாமானியன் அந்தப் பக்கமே போயிருக்க முடியாது. நம் ஊரில் தந்தி ஏழைக்கும் எட்டியது, ஆனால் சேவகன் வாசலில் நின்றாலே உள்ளே அழுகை ஆரம்பித்துவிடும். பிரித்தால் வேலை கிடைத்த சேதியாக இருக்கும். இந்த நிலையத்தை 1966இல் மூடினார்கள். நம் தந்தி 2013 ஜூலை வரை ஓடியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பேரனுக்கு ஒன்று சொல்லி வை. இதே தீவின் வடகரைப் பாறையில், 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு நாலுகால் பிராணி சேற்றில் நடந்த தடம் குழிகுழியாக இருக்கிறது. டைனோசருக்கும் வெகு முந்தையது.

ஸ்கெல்லிக்கில் இறங்க மே நடுவிலிருந்து செப்டம்பர் முடிவு வரைதான் படகு. ஒரு நாளைக்கு 180 பேருக்குத்தான் அனுமதி, சீக்கிரமே பதிந்துவிடு. பஃபின் என்கிற கடற்பறவையைப் பார்க்க வேண்டுமானால் ஜூலைக்குள் வர வேண்டும். தீவில் கழிப்பறை கிடையாது. சின்னவளுக்கு அந்தப் படிகள் வேண்டவே வேண்டாம், இறங்காமல் சுற்றிக்காட்டுகிற படகு தனியாக உண்டு. கடல் ஒரு நாள் ஏமாற்றினால் மறுநாளாவது கைவசம் இருக்க வேண்டும், இரண்டு ராத்திரி என்று சொன்னது அதற்குத்தான்.

கார் தம்பி ஓட்டுவான். கூமனாஸ்பிக் கணவாய் ஏற்றம் வந்தால் மட்டும் அம்மாவைப் பின்சீட்டில் உட்கார்த்தி வை. முன்னால் இருந்தால் வழி நெடுக அவளே பிரேக் போடுகிறாள்.

அன்புடன்,
அப்பா