காசநோய் மாத்திரையை முடிக்கும் தேதியையும் குறித்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த காசநோய்க் கட்டுரை, ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும் என்பதை நன்றாக எடுத்துச் சொன்னது. ஆனால் நோயாளி வேறு எந்த மாத்திரையும் தொடாதவர் என்ற எண்ணத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. காசநோய் வருகிறவர்களில் ஷுகர், பிரஷர், வலிப்பு, எச்.ஐ.வி., வால்வு மாற்றிய இதயம் என்று ஏற்கெனவே மருந்தில் இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் விடுபட்டுவிட்டது.

காசநோய்க் கூட்டு மாத்திரையில் உள்ள முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின், மற்ற மருந்துகளை உடம்பில் வேகமாகச் சிதைத்துவிடும் என்பதைத்தான் சொல்கிறேன். அரசுத் திட்டத்தில் பெரியவர்களுக்குத் தரும் கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் இது 150 மி.கி. இருக்கிறது. 35 முதல் 49 கிலோ வரை எடையுள்ளவருக்கு நாளுக்கு மூன்று மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை நான்கு. ஆக, பெரும்பாலோர் நாளொன்றுக்கு 450 அல்லது 600 மி.கி. ரிஃபாம்பிசின் எடுக்கிறார்கள். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது இதனால்தான்.

சிறுநீரின் நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. கல்லீரலுக்குள் நடப்பது தெரிவதில்லை. அங்கே இது பி.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டு, மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அதிகமாகச் செய்ய வைக்கிறது. சி.ஒய்.பி. 3ஏ4, 2சி9, 2சி19 எல்லாம் இதில் அடக்கம். குடல் சுவரிலும் இதே வேலை நடப்பதால், வாயால் விழுங்கும் மருந்துகளில் பல ரத்தத்தை எட்டுவதற்கு முன்பே பாதி அழிந்துபோகின்றன. தூக்கத்துக்குத் தரும் மிடசோலத்தை ரிஃபாம்பிசினோடு விழுங்கினால் ரத்தத்தில் சேரும் அளவு 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிடுகிறது. மாத்திரை அதே மாத்திரைதான், உடம்புக்குக் கிடைப்பது மட்டும் துளி.

இதில் காலக்கணக்கு முக்கியம். ஒரு மருந்து நொதியைத் தடுப்பதாக இருந்தால் விளைவு ஓரிரு நாளிலேயே தொடங்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர், அதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மெட்ரோனிடசோலை வயிற்றுப்போக்குக்கு வாங்கிப் போட்டால் அந்த வாரமே ரத்தக்கசிவு வரக்கூடும். ரிஃபாம்பிசின் தடுப்பதில்லை, நொதியைப் புதிதாகச் செய்ய வைக்கிறது. அதற்கு நாள் பிடிக்கும். விளைவு முழு வேகத்துக்கு வர ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். மாத்திரையை நிறுத்திய பிறகும், செய்து வைத்த நொதிகள் தேய்ந்து பழைய நிலைக்கு வர இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம்கூட ஆகிறது. ரிஃபாம்பிசின் என்னவோ ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடுகிறது, சிறுநீரும் வெளுத்துவிடுகிறது. நோயாளியும் சில நேரம் மருத்துவரும் "எல்லாம் முடிந்தது" என்று நினைக்கும் அந்த நாளில்தான் அடுத்த ஆபத்து தொடங்குகிறது.

வால்வு மாற்றியவரை எடுத்துக்கொள்வோம். அவர் தினம் 5 மி.கி. வார்ஃபரினில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 3-ஐ ஒட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டாவது வாரத்தில் அது 1.5-க்குக் கீழே இறங்கிவிடலாம். வால்வில் ரத்தக்கட்டி சேர அது போதும். மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். பழைய அளவைப்போல இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை தேவைப்படுவது உண்டு. படிப்படியாக ஏற்றி 15 மி.கி.யில் ஐ.என்.ஆர். நிலைத்துவிட்டது. நான்கு ஐந்து மாதம் அதே அளவு, அதே எண். எல்லாருக்கும் நிம்மதி.

ஆறாவது மாத முடிவில் காசநோய்ப் பிரிவில் "இன்றோடு மருந்து போதும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தச் செய்தி இதய மருத்துவரைப் போய்ச் சேர்வதில்லை. அவருடைய சீட்டில் 15 மி.கி. அப்படியே நிற்கிறது. நொதிகள் தேயத் தேய, வார்ஃபரின் சிதையாமல் தங்குகிறது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் ஐ.என்.ஆர். 6, 7 என்று ஏறும். பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் கருநீலத் திட்டுகள், தார் மாதிரி கறுத்த மலம், ஓயாத தலைவலி எல்லாம் எச்சரிக்கை மணிகள். தலைவலி மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் மணிக்கணக்கில்கூட நேரம் கிடைக்காது. வார்ஃபரினைப் போன்ற அசினோகூமரால் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது கடினமில்லை. காசநோய் மாத்திரை தொடங்கியதிலிருந்து ஐ.என்.ஆர். நிலைக்கும் வரை வாரம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நிறுத்திய பிறகு ஐந்தாறு வாரத்துக்கு மீண்டும் அதே வாரக் கணக்கு, முதல் மூன்று வாரத்தில் முடிந்தால் வாரம் இருமுறை. ஐ.என்.ஆர். ஏறும் போக்கைப் பார்த்து வார்ஃபரினைப் படிப்படியாகப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரேயடியாக 5-க்கு இறக்கினால் நொதிகள் இன்னும் மிச்சமிருக்கும் அந்த முதல் வாரத்தில் ரத்தம் உறைந்துவிடும். "ஐ.என்.ஆர். தொல்லையே வேண்டாம், புதிய மாத்திரைக்கு மாறிவிடலாம்" என்று ரிவரோக்சபான், அபிக்சபான் பக்கம் போவதும் தீர்வாகாது. அவற்றின் அளவையும் ரிஃபாம்பிசின் ஏறக்குறைய பாதியாக்கிவிடுகிறது. அதை அளந்து காட்ட வழக்கமான பரிசோதனைகூட இல்லை. செயற்கை உலோக வால்வுக்கோ அவை ஆகவே ஆகாது.

திட்டமிடாத நிறுத்தம் இன்னொன்று உண்டு. காசநோய் மாத்திரையாலேயே மஞ்சள் காமாலை வந்தால், கல்லீரல் தேறும் வரை எல்லா மாத்திரையையும் நிறுத்தி வைப்பார்கள். அது இரண்டு மூன்று வாரம் நீளலாம். ரத்தம் உறைவதற்கான காரணிகளைச் செய்வதே கல்லீரல்தான். அது நோயுற்று இருக்கும்போது, கூட்டிய வார்ஃபரினும் தொடர்ந்தால் கசிவு இரட்டிப்பு வேகத்தில் வரும். பிறகு ரிஃபாம்பிசினைத் திரும்பத் தொடங்கும்போது எல்லாம் தலைகீழாகத் திரும்பும்.

ஷுகர்காரர்களுக்கும் இதே இரட்டைக் கத்திதான். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மூன்றையும் ரிஃபாம்பிசின் வேகமாகச் சிதைக்கிறது. கிளிக்லசைடின் அளவு சுமார் 70 விழுக்காடு குறைவதாக அளந்திருக்கிறார்கள். காசநோயே சர்க்கரையை ஏற்றும், மாத்திரையும் வேலை செய்யாது. அளவைக் கூட்டுவார்கள். ஆறு மாதம் கழித்து நோயும் போய், ரிஃபாம்பிசினும் போனால், கூட்டிய மாத்திரை விடியற்காலையில் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அதுதான். இன்சுலினையும் மெட்ஃபார்மினையும் இந்த நொதிகள் தொடுவதில்லை. காசநோய் முடியும் வரை இன்சுலினுக்கு மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

பெண்களிடம் பேசவே கூச்சப்படும் விஷயம் கருத்தடை மாத்திரை. மாலா-என் போன்ற மாத்திரைகளை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாலும் ரிஃபாம்பிசினோடு நம்ப முடியாது. சிகிச்சைக் காலம் முழுவதும், முடிந்த பிறகு 28 நாள் வரையும் வேறு வழி வேண்டும். காப்பர்-டி இதனால் பாதிக்கப்படுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் தாக்குப்பிடிக்கிறது. கைக்குள் வைக்கும் இம்பிளான்ட் தாக்குப்பிடிக்காது. காசநோய் மாத்திரை எழுதும் மேசையிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும்.

எச்.ஐ.வி. சிகிச்சையில் இந்தக் கணக்கு ஒழுங்காகவே எழுதப்பட்டிருக்கிறது. டொலுடெக்ராவிர் 50 மி.கி. உள்ள தினசரி மாத்திரையோடு, 12 மணி நேரம் கழித்து இன்னொரு 50 மி.கி. டொலுடெக்ராவிர் தனியாக. ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அந்த இரண்டாவது மாத்திரை தொடர வேண்டும். நொதிகள் தேயும் காலத்தைச் சேர்த்தே விதி வகுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இதே கவனம் மற்ற நோய்களுக்கும் ஏன் வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ரிஃபாம்பிசினால் அளவு குறையும் மருந்துகள் பிரட்னிசோலோன், தைராக்சின், நிஃபெடிபின், அம்லோடிபின், சிம்வாஸ்டாட்டின் என்று பட்டியல் நீளும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்கள், உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் தனிக் கவனம் கேட்கிறது. அவர்களுக்கு நொதிகளை அவ்வளவாகத் தூண்டாத, அதே குடும்பத்து ரிஃபாபியூட்டினை யோசிக்க வேண்டும். வலிப்புக்கு ஃபெனிடோயின் எடுப்பவர்கள் நிலைமை சிக்கலானது. கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோனியாசிட் அதன் சிதைவைத் தடுக்கிறது, ரிஃபாம்பிசின் விரைவுபடுத்துகிறது. தென்னிந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் ஐசோனியாசிட்டை மெதுவாகச் சிதைக்கும் உடல்வாகு உடையவர்கள். தராசு யாரிடம் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிப்பதைவிட ரத்தத்தில் ஃபெனிடோயின் அளவைப் பார்ப்பதே சரி. அளவு மிஞ்சியதைக் காட்டும் நடைத் தள்ளாட்டமோ கண்விழி தானாக ஆடுவதோ வந்தால் உடனே பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரிஃபாம்பிசின் இல்லாமல் ஆறு மாதத்தில் இந்த நோயைக் குணப்படுத்துவது கடினம். மாற்ற வேண்டியது மற்ற மருந்துகளின் அளவைத்தான்.

என் கோரிக்கை சிறியது. சிகிச்சை அட்டையின் முன்பக்கத்தில் நோயாளி எடுக்கும் மற்ற மருந்துகள் அத்தனையையும் அளவோடு எழுதுங்கள். கீழே மூன்று தேதிகள்: தொடங்கிய நாள், முடித்த நாள், முடித்த நாளோடு 28 சேர்த்த நாள். அந்த அட்டையை ஷுகர் மருத்துவர், இதய மருத்துவர், மருந்துக்கடைக்காரர் எல்லாரிடமும் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பாக வாரம் ஒருமுறை, 12 வாரத்துக்குத் தரும் ரிஃபாபென்டினும் இதே குடும்பம்தான், இதே நொதிகளைத்தான் தூண்டுகிறது. நோயில்லாதவர் என்பதால் அவர்களுக்கு அட்டை எழுதாமல் விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மருந்தியல் ஆசிரியர் ஒருவர்,
மதுரை.