செயலாளர் ஆண்டறிக்கை: மூளைப் பரப்பு வலைகளை எளிமையாக்கும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம். மூளைப் படிமங்களைக் கணினியில் கையாள்வோர் கூடி நடத்தும் நமது சங்கம் கடந்த ஓராண்டில் ஆற்றிய பணிகளின் அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளுக்கு ஒதுக்கப்பட்டன. எம்.ஆர்.ஐ. படிமத்திலிருந்து பெறப்படும் முக்கோண வலைகளை (மூளைப் பரப்பைச் சிறு முக்கோணங்களால் காட்டும் மாதிரிகளை), அவற்றின் வடிவமும் அவற்றோடு பிணைந்த தரவும் கெடாதவாறு எப்படி எளிமையாக்குவது, அதாவது முக்கோணங்களின் எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது என்பதே அப்பொருள். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

இப்பணி ஏன் தேவைப்பட்டது என்பதைச் சில எண்களே சொல்லும். எம்.ஆர்.ஐ. படிமத்திலிருந்து மூளைப் பரப்புகளை உருவாக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளோடு வரும் ‘எஃப்.எஸ்.ஆவரேஜ்’ என்னும் பொது மாதிரியில் ஓர் அரைக்கோளத்துக்கு மட்டும் 1,63,842 முனைகளும் (முக்கோணங்களின் மூலைப் புள்ளிகள்) 3,27,680 முக்கோணங்களும் உள்ளன. ஒரு பரப்புக் கோப்பு ஏறத்தாழ 5.9 மெகாபைட். வெண்பொருள் எல்லை, புறணியின் (மூளையின் மடிப்புள்ள மேலடுக்கின்) வெளிப்பரப்பு, உப்பவைத்த பரப்பு, கோளப் பரப்பு என ஒவ்வொரு அரைக்கோளத்துக்கும் பல கோப்புகள் சேர, அதுவே ஆய்வில் பங்கேற்கும் ஒவ்வொருவருக்கும் பெருகுகிறது. உலாவியில் முப்பரிமாணக் காட்சியாகத் தரும்போதும் 3டி அச்சுக்கு அனுப்பும்போதும் இந்த அடர்த்தி சுமையாகிவிடுகிறது. மூளையின் மின், காந்தச் சமிக்ஞைகளான இ.இ.ஜி., எம்.இ.ஜி. ஆகியவற்றின் மூலத்தைக் கணிக்கும் பணியில் நிலைமை இன்னும் தெளிவு. உணரிகள் சில நூறு மட்டுமே இருக்கையில், இரண்டு அரைக்கோளங்களிலுமாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் மூலத்தைத் தேடுவதால் கணக்கு பெருகுமே தவிர, அறிவு பெருகாது. பிரெய்ன்ஸ்டார்ம் மென்பொருள் புறணிப் பரப்பை இயல்பாகவே 15,000 முனைகளாகக் குறைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

ஆண்டின் முற்பகுதிக் கூட்டங்களில் வழிமுறைகளின் அடிப்படையைப் படித்தோம். 1987இல் லாரன்சனும் க்ளைனும் வெளியிட்ட ‘மார்ச்சிங் க்யூப்ஸ்’ முறை, வாக்சல்களிலிருந்து (படிமத்தை ஆக்கும் சிறு கனச்சதுரங்களிலிருந்து) முக்கோணப் பரப்பை உருவாக்கிக் கொடுத்தது. ஆனால் அது தேவைக்கு மீறிய முக்கோணங்களையும் உடன் கொடுத்தது. அவற்றைக் குறைக்க ஷ்ரோடர், ஸார்ஜ், லாரன்சன் ஆகியோர் 1992இல் ஒரு வழி சொன்னார்கள். இன்று பெரும்பாலான மென்பொருள்கள் பின்பற்றுவது 1997இல் கார்லண்டும் ஹெக்பர்ட்டும் முன்வைத்த இருபடிப் பிழை அளவை. ஒவ்வொரு முனையையும் சுற்றியுள்ள முக்கோணங்களின் தளங்களை ஒரு 4×4 சமச்சீர் அணியாகத் தொகுத்துவைத்து, ஒரு விளிம்பின் இரு முனைகளையும் ஒன்றாக்கினால் புதிய முனை அத்தளங்களிலிருந்து எவ்வளவு விலகும் என்பதை அந்த அணியைக் கொண்டே கணிக்கிறார்கள். விலகல் மிகக் குறைவான விளிம்பு முதலில் மடக்கப்படுகிறது. அணிகளைக் கூட்டினாலே அடுத்த கணிப்புக்குப் போதும் என்பதால் இம்முறை வேகமானது. மூளைப் பரப்பைக் காட்டும் சர்ஃப் ஐஸ், நிஃப்டி வகைப் படிமக் கோப்பிலிருந்து வலை உருவாக்கும் ‘நிஐ2மெஷ்’, வி.டி.கே. என்னும் காட்சி நிரல் நூலகம் ஆகியவற்றில் இம்முறை உள்ளது. ஃப்ரீசர்ஃபரிலும் வலையை எளிமையாக்கத் தனிக் கட்டளை உண்டு.

இந்த அளவை வடிவத்தை மட்டுமே அறியும், உடற்கூற்றை அறியாது. நம் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த கவலை இதுதான். ஒரு மடிப்புப் பள்ளத்தின் இரு சுவர்களும் எதிரெதிரே மிக நெருங்கி நிற்கின்றன. முக்கோணங்கள் பெரிதாகும்போது ஒரு சுவர் மற்றொன்றை ஊடுருவிவிடலாம். அப்போதும் பிழை அளவை குறைவாகவே காட்டக்கூடும். புறணியின் சராசரித் தடிமன் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். வெண்பொருள் எல்லையையும் வெளிப்பரப்பையும் தனித்தனியே எளிமையாக்கினால், இரண்டும் சில இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. தலையின் அடுக்குகளை வைத்து மின்புலத்தைக் கணிக்கும் எல்லை உறுப்பு முறையில் இது உடனே தெரிந்துவிடும், ஏனெனில் ஒன்றுக்குள் ஒன்றாக அமையவேண்டிய அடுக்குகள் வெட்டிக்கொண்டால் கணக்கே நின்றுவிடும். இ.இ.ஜி., எம்.இ.ஜி. தரவை ஆயும் எம்.என்.இ. மென்பொருளில் அந்த அடுக்கு ஒவ்வொன்றுக்கும் 5,120 முக்கோணங்கள் என்ற அளவே வழக்கமாக இருக்கிறது. ஆனால் வெறும் காட்சிக்கென உருவாக்கும் வலையில் எச்சரிக்கை எதுவும் எழாது. அதனால்தான் அங்கே நாமே பார்க்கவேண்டியிருக்கிறது.

சரிபார்ப்புக்கு ஆய்லரின் வாய்பாட்டைப் பயன்படுத்தும் பழக்கத்தை இவ்வாண்டு உறுப்பினர்கள் பலரும் மேற்கொண்டது எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது. ஓட்டையோ கைப்பிடியோ இல்லாத மூடிய பரப்பில், முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முக்கோணங்களைக் கூட்டினால் 2 வரவேண்டும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று விளிம்புகள், ஒவ்வொரு விளிம்பும் இரு முக்கோணங்களுக்குப் பொது; ஆகவே முக்கோணங்கள் முனைகளைப் போல இரு மடங்கில் நான்கு குறைவாக இருக்கும். மேலே சொன்ன 1,63,842, 3,27,680 என்ற எண்கள் இதற்கு அப்படியே பொருந்துவதைக் காணலாம். மடக்கப்படும் விளிம்பின் இரு முனைகளுக்கும் பொதுவான அண்டை முனைகள் இரண்டே இருக்கவேண்டும் என்ற விதியைக் கடைப்பிடித்தால் இந்த அமைப்பு குலையாது. எனினும் வாய்பாடு சரியாக வந்தாலும் பரப்பு தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருக்கலாம். அதைத் தனியே சோதிக்கவேண்டும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வாக்சல்களிலிருந்து நேரடியாகப் பெற்ற வலைகளில் படிக்கட்டுத் தடங்கள் இருக்கும். அவற்றை மென்மையாக்காமல் எளிமையாக்கினால், பிழை அளவை அந்தப் படிகளையே காக்கவேண்டிய கூர்மை என்று கருதிவிடுகிறது. முதலில் டாபின் 1995இல் சொன்ன சுருங்காத மென்மையாக்கம், பிறகு எளிமையாக்கம் என்ற வரிசையே நல்லது.

இனி, இவ்வாண்டு நாம் அதிக நேரம் செலவிட்ட பொருளுக்கு வருகிறேன். ஃப்ரீசர்ஃபரில் ஒருவரின் ஓர் அரைக்கோளத்துப் பரப்புகள் அனைத்தும் ஒரே முனை எண்களைப் பகிர்கின்றன. வெண்பொருள் எல்லையில் 5000ஆம் முனை எதுவோ, வெளிப்பரப்பிலும் கோளத்திலும் 5000ஆம் முனை அதன் இணையே. தடிமன், வளைவு ஆகியவற்றின் கோப்புகளில் ஆயத்தொலைவுகள் இல்லை. முனை வரிசையில் மதிப்புகள் மட்டுமே உள்ளன. ஓர் அரைக்கோளத்தில் 34 பகுதிகளைக் குறிக்கும் டெசிகன்–கிலியானி வரைபடமும் முனை எண்ணையே நம்பியிருக்கிறது. வெண்பொருள் எல்லையை மட்டும் விளிம்பு மடக்கி எளிமையாக்கிய கணமே இந்த இணைப்பு முழுவதும் அறுந்துவிடுகிறது. திரையில் மூளை அழகாகவே தெரியும். ஆனால் அதன்மீது பூசப்படும் வண்ணத்துக்கும் இடத்துக்கும் தொடர்பு இருக்காது.

இதற்கு இரண்டு வழிகளைச் சங்கம் பரிந்துரைக்கிறது. ஒன்று, புதிய முனைகளை உருவாக்காமல் பழைய முனைகளிலேயே ஒரு பகுதியைத் தேர்ந்து, அதே பட்டியலை எல்லாப் பரப்புகளுக்கும் பயன்படுத்துவது. எம்.என்.இ. மூல இடங்களைத் தேர்வது இப்படித்தான். அங்கே வழக்கமான ‘ஆக்ட்6’ அமைப்பில் அரைக்கோளத்துக்கு 4,098 இடங்கள், சுமார் 4.9 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைகின்றன. மற்றொன்று, கோளப் பரப்பின் வழியே ஒழுங்கான வலைக்கு மாற்றுவது. எஃப்.எஸ்.ஆவரேஜ் வரிசை இருபது முக வடிவத்தைப் படிப்படியாகப் பிரித்து அமைக்கப்பட்டது என்பதால், ‘எஃப்.எஸ்.ஆவரேஜ்5’இன் 10,242 முனைகளும் பெரிய மாதிரியின் முதல் 10,242 முனைகளே. ஹியூமன் கனெக்டோம் திட்டத்தின் தரவில் அரைக்கோளத்துக்கு 32,492 முனைகள் என்ற பொது வலை உள்ளது. குழு ஆய்வு செய்வோர் இந்தப் பொது வலைகளை விட்டு விலகி, ஆளுக்கொரு விதமாக முக்கோணங்களைக் குறைத்துக்கொள்வதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். ஒருவரின் முனையை மற்றவரின் முனையோடு ஒப்பிட வழியில்லாமல் போய்விடும். மதிப்புகளை மாற்றும்போது தடிமன் போன்ற தொடர் அளவுகளுக்கு முக்கோணத்துக்குள் இடைக்கணிப்பும், பகுதிப் பெயர்களுக்கு மிக அண்மையான முனையின் பெயரும் பொருத்தமானவை. இரண்டு பகுதி எண்களின் சராசரிக்கு எந்தப் பொருளும் இல்லை.

இதோடு சேர்ந்த ஒரு நுட்பம் உண்டு. இருபடி முறையில் சமதளமான இடங்களில் முக்கோணங்கள் பெரிதாகவும், வளைந்த இடங்களில் சிறிதாகவும் எஞ்சுகின்றன. அந்த வலையில் முனைகளின் நேர்ச் சராசரியை எடுத்தால் வளைந்த இடங்களுக்கு உரியதைவிட அதிக எடை கிடைக்கும். முனை சார்ந்த பரப்பளவால் எடையிட்டே சராசரி காணவேண்டும். அதைவிட நல்லது, அளவீடுகளை முழு வலையிலேயே முடித்துவிட்டு, எளிய வலையைக் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொள்வது.

இக்கருத்தின் அடிப்படையில் செயற்குழு எடுத்த முடிவு வருமாறு: சங்கத்தின் பொதுத் தொகுப்பில் சேரும் எளிய வலை ஒவ்வொன்றுடனும் மூல வலையும், பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பும், குறைத்த விகிதமும், முனைப் பொருத்தப் பட்டியலும், மூலத்திலிருந்து ஏற்பட்ட அதிகபட்ச விலகலும் இணைக்கப்படவேண்டும். சராசரி விலகலை மட்டும் தருவது ஏற்கப்படாது. ஒரு பள்ளத்தின் அடி முழுவதும் மறைந்துபோனாலும் சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது.

மற்ற பணிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செயற்குழு முறைப்படி கூடியது. புதிய உறுப்பினர்களுக்கான அறிமுக வகுப்புகள் தொடர்ந்தன. பரப்பு வலைகளைச் சேமிக்கும் கிஃப்டி வகைக் கோப்புகளைப் படித்து எழுதும் பயிற்சிக்கு மாணவ உறுப்பினர்களிடம் நல்ல வரவேற்பு இருந்தது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டில் ஹிப்போகேம்பஸ் போன்ற உட்பகுதிகளின் வலைகளை எடுத்துக்கொள்ளலாம் எனச் செயற்குழு கருதுகிறது. அவற்றுக்குப் புறணியைப் போல நிலைபெற்ற பொது வலை பரவலாக இல்லாததால், பொருத்தம் காணும் வழியைப் பற்றி இன்றைய கூட்டத்திலேயே உறுப்பினர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

செய்முறைக் கூட்டங்களை நடத்தித் தந்தோருக்கும், தங்கள் கணினிகளைப் பயிற்சிக்குத் தந்து உதவியோருக்கும், ஒவ்வொரு வலையையும் பொறுமையோடு சோதித்த சரிபார்ப்புக் குழுவினருக்கும் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்து, இவ்வறிக்கையையும் அதில் கண்ட செயற்குழு முடிவையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்